'போகிறேன்' என்று சொன்னது நீங்கள்தானா?

மின்னஞ்சல் பட்டியல் ஒன்றில் சேரும்போது "நிஜமாகவே நீங்கள்தான் கேட்டீர்களா?" என்று ஒரு மடல் வரும். அதில் இருக்கிற லிங்கை அழுத்தினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இதை யாரும் தப்பு சொல்வதில்லை. அதே கேள்வியை விலகும்போது கேட்டால் மட்டும் சுர்ரென்று கோபம் வருகிறது. போறேன்னுதானே சொல்றேன், விட வேண்டியதுதானே! இந்தக் கோபம் நியாயம்தானா என்று துருவிக்கொண்டு போனால் நாற்பது, ஐம்பது வருஷக் கதை ஒன்று கிடைக்கிறது. விலகலுக்குப் பூட்டுப் போட்டவர்கள் முட்டாள்களும் இல்லை, வில்லன்களும் இல்லை. அவர்கள் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. காரணம் போன பிறகும் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் கதை.

தொடக்கத்தில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. ஒரு ஆள் இருந்தார். அர்பாநெட் காலத்து மடற்குழுக்களுக்கு இரண்டு முகவரிகள் உண்டு. அறிவியல் புனைகதை ரசிகர்களுக்காக எஸ்எஃப்-லவர்ஸ் என்று ஒரு குழு இருந்தது. அதற்கு எழுதினால் எல்லாருக்கும் போகும். எஸ்எஃப்-லவர்ஸ்-ரிக்வெஸ்ட் என்ற முகவரிக்கு எழுதினால் குழுவை நடத்துகிறவருக்கு மட்டும் போகும். சேரணுமா, விலகணுமா, அவருக்கு நாலு வரி எழுத வேண்டும். அவர் படித்துவிட்டு ஒரு ஃபைலைத் திறந்து உங்கள் பெயரைச் சேர்ப்பார் அல்லது அடிப்பார். 'ரிக்வெஸ்ட்' என்ற இந்த வால் வழக்கமாகவே நிலைத்துப்போய், 1997இல் ஆர்எஃப்சி 2142 என்ற ஆவணத்தில் எழுத்திலும் ஏறியது.

அந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு என்று தனியாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. நேற்றுவரை சூடாக வாதம் பண்ணிக்கொண்டிருந்தவர் பெயரில் இன்று திடீரென்று "என்னை எடுத்துவிடுங்கள்" என்று மடல் வந்தால், நடத்துகிறவருக்கே ஏதோ சரியில்லை என்று படும். திருப்பி ஒரு வரி கேட்பார். இன்றைக்கு நாம் கன்ஃபர்மேஷன் என்று சொல்வதை அவர் மூளை செய்துகொண்டிருந்தது. கூடவே, குழுவின் பொது முகவரிக்கே "விலக வேண்டும்" என்று எழுதி, நூற்றுக்கணக்கான பேரிடம் திட்டு வாங்குகிறவர்களும் அப்போதே உண்டு. அந்த இனம் இன்னும் அழியவில்லை.

ஆள் போய் நிரல் வந்தது 1986இல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைக்க 1981இல் தொடங்கிய பிட்நெட் வலையில், பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தோமா லிஸ்ட்சர்வ் என்ற நிரலை எழுதினார். அதே பெயரில் பிட்நெட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஆனால் பட்டியலில் பெயர் சேர்க்கவும் எடுக்கவும் ஆள்தான் வேண்டும். தோமாவின் நிரலில் ஒற்றை வரிக் கட்டளை போதும். விலகுவதற்கு 'சைன்ஆஃப்', பக்கத்தில் குழுவின் பெயர். முடிந்தது. பெயருக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறியும் 'நெட்வைட்' என்ற சொல்லும் போட்டால், வலை முழுக்க எந்தெந்த லிஸ்ட்சர்வ் குழுக்களில் இருக்கிறீர்களோ அத்தனையிலிருந்தும் ஒரே வீச்சில் கழற்றிவிடும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவனுக்கு எவ்வளவு சௌகரியம்! அதே வரியை உங்கள் பெயரில் வேறொருவர் அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பிட்நெட்டில் அது அத்தனை சுலபமில்லை. ஐபிஎம் மெயின்ஃபிரேம்கள் பேசிக்கொண்ட வலை அது. கட்டளை எந்தக் கணக்கிலிருந்து கிளம்பியது என்பதை அமைப்பே எழுதி அனுப்பும். இன்டர்நெட் அப்படி இல்லை. ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநர் முகவரி என்பது கடிதத்தின் ஓரத்தில் நாமே எழுதுகிற 'அனுப்புநர்' மாதிரி. எழுதினதுதான் முகவரி. தபால்காரர் வீட்டுக்கு வந்து சரிபார்ப்பதில்லை. மடற்குழுக்கள் பிட்நெட்டிலிருந்து இன்டர்நெட்டுக்கு நகர்ந்தபோது கட்டளைகள் அப்படியே வந்தன, கட்டளை கொடுத்தவர் யார் என்ற உத்தரவாதம் மட்டும் வரவில்லை. இந்தக் கட்டுரையின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

1992இல் பிரென்ட் சாப்மன் எழுதிய மேஜர்டோமோ நிரல் இதை எப்படிச் சமாளித்தது என்பது சுவாரஸ்யமானது. குழு நடத்துகிறவர் ஒரு கொள்கையைத் தேர்ந்தெடுக்கலாம். 'ஓபன்' என்று வைத்தால், எந்த முகவரியை நீக்கச் சொல்கிறார்களோ அதே முகவரியிலிருந்து மடல் வந்திருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் நடத்துகிறவரின் ஒப்புதலுக்குப் போகும். 'ஆட்டோ' என்று வைத்தால் யார் யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம், நீக்கலாம். கேட்கவே பயமாக இருக்கிறது, ஆனால் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். காரணம் உண்டு. 'ஓபன்' கொள்கை, முகவரியைப் பொய்யாக எழுதத் தெரிந்தவனைத் தடுக்காது. அது தடுத்ததெல்லாம் அப்பாவிகளை. கல்லூரி மாறினவர், சர்வர் பெயர் மாறினவர், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு மடல்களைத் திருப்பிவிட்டவர் என்று யார் விலகப் பார்த்தாலும் முகவரி பொருந்தாது. கடைசியில் அவர்கள் கோபம் குழு நடத்துகிறவர் தலையில் விடியும். திருடனுக்குத் திறந்து வீட்டுக்காரனுக்குச் சாத்தும் கதவு.

இதற்குள் மடற்குழுவே ஆயுதமாகவும் ஆகிவிட்டது. 1996 ஆகஸ்டில் முகம் தெரியாத ஒருவர், அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன், நாடாளுமன்றத் தலைவராக இருந்த நியூட் கிங்ரிச் எனப் பல பிரபலங்களின் முகவரிகளை ஏகப்பட்ட மடற்குழுக்களில் சேர்த்துவிட்டார். அவர்கள் அஞ்சல்பெட்டியில் மடல்கள் வெள்ளமாகக் கொட்டின. 'மெயில் பாம்' என்று அப்போது பெயர். சேரும்போது உறுதிப்படுத்தல் கேட்கும் வழக்கம் பரவலானதற்கு இந்த மாதிரி வெடிகள்தான் காரணம். சேருகிற கதவுக்குப் பூட்டுப் போட்டவர்கள் அப்படியே திரும்பி விலகுகிற கதவுக்கும் ஒன்று போட்டார்கள்.

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அன்றைய மடற்குழு என்பது கடைக்காரர் விளம்பரம் இல்லை. பேச்சு நடக்கும் திண்ணை. 2000களின் தொடக்கத்தில் யாகூ குழுமங்களில் இயங்கிய மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற தமிழ்க் குழுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழில் இணையத்தில் எழுத வந்த பலர் சந்தித்துக்கொண்ட இடங்கள் அவை. ஒவ்வொரு மடலின் காலடியிலும் விலகல் முகவரி ஒட்டியிருக்கும். காலி மடல் ஒன்றை அந்த முகவரிக்குத் தட்டினால் போதும். அப்படி ஒரு குழுவில் பிடிக்காத ஆளை அவருக்கே தெரியாமல் வெளியேற்ற முடியும் என்றால், அது சின்ன விஷமமா? மடல் வராது. வராத மடலை யாரால் கவனிக்க முடியும்? வேண்டாத மடல் வந்தால் உடனே தெரியும். வேண்டிய மடல் நின்றுபோனால் 'இந்த வாரம் யாரும் எழுதலை போல' என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவோம். விலகலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றவர்கள் தரப்பில் நான் பார்த்த வாதங்களிலேயே வலுவானது இந்த மௌனம்தான்.

இதற்கு அழகான தீர்வு டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய ஈஸீஎம்எல்எம் நிரலில் இருக்கிறது. கணிதக்காரர், கியூமெயில் சர்வரை எழுதியவரும் அவரே. அவர் அனுப்புநர் முகவரியை நம்பவே இல்லை. விலக வேண்டுமென்று யார் பெயரில் கேட்டாலும், அந்தப் பெயருக்குரிய அஞ்சல்பெட்டிக்கு ஒரு மடல் போகும். அந்த மடலின் பதில் முகவரிக்குள்ளேயே ஒரு ரகசிய எழுத்துக்கோவை இருக்கும். சர்வருக்கு மட்டும் தெரிந்த சாவி, உறுப்பினரின் முகவரி, நேரம் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துச் செய்தது. 'பதில் அனுப்பு' என்று தட்டினால் கோவை திரும்பி வரும், பெயர் நீங்கும். பழைய முகவரிக்காரர் பிரச்சினைக்கும் வழி வைத்தார்: விலகல் முகவரியின் வாலில், 'அட்' குறிக்குப் பதிலாகச் சமக்குறி போட்டு எந்த முகவரியை நீக்க வேண்டும் என்று எழுதலாம். பாஸ்வேர்ட் இல்லை, அதை நினைவில் வைக்கும் பாரமும் இல்லை. அஞ்சல்பெட்டியைத் திறக்க முடிகிறவர்தான் உரிமையாளர், அவ்வளவுதான் தத்துவம்.

பின்னால் மற்றவர்கள் இதை விரித்து ஈஸீஎம்எல்எம்-ஐடிஎக்ஸ் என்று வெளியிட்டபோது இரண்டு சுவிட்சுகள் வைத்தார்கள். ஒன்று, சேரும்போது உறுதிப்படுத்தல் வேண்டாம் என்பது. இன்னொன்று, விலகும்போது வேண்டாம் என்பது. முதலாவதைப் போட்டால் யாரும் யாரையும் சேர்த்துவிடலாம், ஆகவே போடாதீர்கள் என்று எச்சரிக்கை உண்டு. இரண்டாவதற்கு 'ஜம்ப் ஆஃப்' என்று பெயர். குதித்து இறங்கிக்கொள். இரண்டு கதவும் ஒன்றல்ல, தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்று ஒரு நிரல் வெளிப்படையாக ஒப்புக்கொள்வதை இங்கே பார்க்கிறேன்.

மெயில்மேன் போன பாதை வேறு. ஜான் வீகா மாணவராக இருக்கும்போது எழுதியது. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய் மூலநிரல் தன் கையைவிட்டுப் போக, அதற்குள் அதை எடுத்து வைத்திருந்த கென் மான்ஹைமர் தொடர்ந்தார் என்பது அதன் பூர்வகதை. பைத்தான் மொழியில் எழுதப்பட்டு, குனூ திட்டத்தில் சேர்ந்து, பல்கலைக்கழகங்களிலும் கட்டற்ற மென்பொருள் உலகிலும் எங்கும் பரவியது. இதில் ஒவ்வொரு உறுப்பினருக்கும், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாஸ்வேர்ட். பழைய பதிப்புகளில் வெளியேற அந்தப் பாஸ்வேர்ட் வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால் சேர்ந்த குழுவின் பாஸ்வேர்ட் யாருக்கு நினைவிருக்கும்? நிரலாளர்களுக்கும் இது தெரியும். அதனால் மாதம் பிறந்தால், ஒன்றாம் தேதி, எல்லா உறுப்பினருக்கும் நினைவூட்டல் மடல்: நீங்கள் இன்னின்ன குழுவில் இருக்கிறீர்கள், உங்கள் பாஸ்வேர்ட் இதுதான். மறைக்குறியீடு எதுவும் இல்லாமல், பச்சையாக, மின்னஞ்சலில். சேரும் பக்கத்திலேயே 'இது எப்போதாவது உங்களுக்கே பச்சையாக அனுப்பப்படும், முக்கியமான பாஸ்வேர்டை இங்கே கொடுக்காதீர்கள்' என்ற ரீதியில் எச்சரித்தும் இருந்தார்கள். எச்சரித்தால் கேட்டுவிடுவோமா! வங்கிக்கும் அதே, இதற்கும் அதே என்று வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஒருவரை யாரோ பொய்யாக விலக்கிவிடுவார்களோ என்ற பயத்துக்குப் போட்ட பூட்டு, அவருடைய சாவியை மாதாமாதம் வாசலில் மாட்டிவைத்தது. எதைக் காப்பாற்ற எதைப் பணயம் வைக்கிறோம் என்ற கணக்கு இவ்வளவு தெளிவாகக் குளறுபடியான உதாரணம் வேறு எனக்குக் கிடைக்கவில்லை. 2002 கடைசியில் வந்த 2.1 பதிப்பில் பாஸ்வேர்ட் இல்லாமலே, பெர்ன்ஸ்டைன் பாணியில், மடல்வழி உறுதிப்படுத்திக் கிளம்பும் வழி வந்தது. 2015இல் வந்த மூன்றாம் பதிப்பில் குழுவுக்கொரு பாஸ்வேர்ட் என்ற ஏற்பாடே எடுக்கப்பட்டுவிட்டது.

நிரலாளர்கள் இதையெல்லாம் நுணுக்கமாகச் சரிசெய்துகொண்டிருந்தபோது வெளியே உலகம் மாறிவிட்டது. மடற்குழு என்றால் இப்போது விமான டிக்கெட் தள்ளுபடி, செருப்பு விற்பனை. இங்கே உறுதிப்படுத்தல் என்ற சொல்லின் அர்த்தமே தலைகீழாகிறது. திண்ணையில் அது உங்களை விஷமிகளிடமிருந்து காத்தது. கடையில் அது கடைக்காரரிடமிருந்து உங்களைத் தப்பவிடாமல் காக்கிறது. லாகின் செய்யுங்கள், பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா, மறுபடி உருவாக்குங்கள், ஏன் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், நிச்சயமாகத்தானா, உங்கள் முகவரிக்கு ஒரு மடல் அனுப்பியிருக்கிறோம். எல்லாம் 'உங்கள் பாதுகாப்புக்காக'.

போதாததற்கு, விலகல் லிங்கே பொய்யாக இருந்த காலமும் அது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2002இல் ஸ்பாம் மடல்களின் விலகல் வழிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தது. பாதிக்கும் மேல் வேலையே செய்யவில்லை. அடுத்த வருஷம் கேன்-ஸ்பாம் சட்டம் நிறைவேறி 2004 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விலகல் கோரிக்கையை 10 வேலைநாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றது. அப்போதும் பாஸ்வேர்ட் கேட்கலாமா கூடாதா என்ற சந்தேகம் இருந்தது. 2008இல் அதே ஆணையம் விதி போட்டு முடித்தது: ஒரு பதில் மடல், அல்லது ஒரே ஒரு இணையப் பக்கம், மின்னஞ்சல் முகவரியும் விருப்பத் தேர்வும் தவிர வேறு தகவல் கேட்கக் கூடாது, கட்டணமும் வாங்கக் கூடாது. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டமும், 2023இல் இந்தியா இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொதுவாகச் சொல்வது, சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் திரும்பப் பெறுவதும் என்று.

சட்டத்தைவிட வேகமாக வேலை செய்தது, சொல்லப்போனால், ஸ்பாம் பொத்தான். விலக வழி தெரியாதவர்கள் எல்லாரும் அதை அழுத்தினார்கள். அழுத்தினவர் எண்ணிக்கை கூடினால் அந்த நிறுவனத்தின் மடல்கள் எல்லார் பெட்டியிலும் ஸ்பாம் பக்கமே போய் விழும். போகிறவரைப் பிடித்துவைத்தால் இருக்கிறவருக்கும் மடல் போகாது என்று புரிந்த பிறகு, பெரிய நிறுவனங்களுக்கே கதவைத் திறந்துவைக்க வேண்டிய தேவை வந்தது.

சரி, லிங்கை அழுத்தினால் உடனே நீக்கிவிடலாமே? இங்கே இன்னொரு வம்பு. லிங்கை மனிதர்கள் மட்டும் அழுத்துவதில்லை. 2005இல் கூகுள், வெப் ஆக்ஸிலரேட்டர் என்று ஒன்றை வெளியிட்டது. பக்கத்தில் இருக்கிற லிங்குகளை நீங்கள் அழுத்துவதற்கு முன்னமே அது போய்த் திறந்து தயாராக வைக்கும். சில இணையச் செயலிகளில் 'அழி' என்பதும் சாதா லிங்காக இருந்ததால், இது விசுவாசமாக அதையும் திறந்து அழித்துவிட்டது. மின்னஞ்சலிலும் அதே கதை. வரும் மடலில் வைரஸ் லிங்க் இருக்கிறதா என்று பார்க்கும் நிறுவன வடிகட்டிகள் எல்லா லிங்கையும் திறந்து பார்க்கும், விலகல் லிங்கையும்தான். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமலே பெயர் நீங்கிவிடும். 'நிச்சயமாகத்தானா?' என்ற இடைப்பக்கத்துக்கு, கெட்ட எண்ணம் இல்லாத கடைகளிலும் ஒரு தேவை இருந்தது இதனால்தான்.

இதை அவிழ்த்தது 2017 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8058. ஜான் லெவினும் டோபியாஸ் ஹெர்குலாவும் எழுதியது. 1998இலேயே ஆர்எஃப்சி 2369, மடலின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு விலகல் முகவரியை வைக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தது. புதியது அதன் மேல் கட்டப்பட்டது. விலகல் லிங்கைத் திறந்து பார்த்தால் மட்டும் விலகல் ஆகாது. 'போஸ்ட்' முறையில் ஒரு குறிப்பிட்ட சொற்றொடரோடு கேட்க வேண்டும். எட்டிப்பார்க்கிற இயந்திரங்கள் அப்படிக் கேட்பதில்லை. லிங்குக்குள் ஊகிக்க முடியாத ஒரு டோக்கன் இருக்க வேண்டும். பெர்ன்ஸ்டைனின் கோவைதான், பேத்தி வடிவத்தில். மடலுக்கு டிகேஐஎம் கையொப்பம் வேண்டும், அந்தக் கையொப்பம் விலகல் வரிகளையும் மூட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: உறுதிப்படுத்தல் ஒழியவில்லை, இடம் மாறிவிட்டது. பயனர் சம்மதம் இல்லாமல் அஞ்சல் சேவை அந்த 'போஸ்ட்' கோரிக்கையை அனுப்பக் கூடாது என்று ஆவணமே சொல்கிறது. ஜிமெயிலில் அனுப்புநர் பெயர் பக்கத்தில் இருக்கும் 'அன்சப்ஸ்கிரைப்' என்பதைத் தட்டினால் சின்னப் பெட்டி ஒன்று கேட்கும், ஆமாம் என்றால் முடிந்தது. கேட்பது கடைக்காரர் இல்லை, உங்கள் சொந்த அஞ்சல்பெட்டி. நீங்கள் யார் என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். லாகின் செய்துதானே உள்ளே இருக்கிறீர்கள்? அதற்கு உங்களை இருக்கவைப்பதில் லாபமும் இல்லை. 2024இல் கூகுளும் யாகூவும் இதைக் கட்டாயமாக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களின் விளம்பர மடல்களில் ஒற்றைத் தட்டு விலகல் இருக்க வேண்டும், இரண்டு நாளில் நிறைவேற்ற வேண்டும்.

ஓட்டை இல்லாமல் இல்லை. ஒரு கட்டுரை மடலை நண்பருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். காலடியில் உங்கள் டோக்கனோடு விலகல் லிங்க் இருக்கும். 'எனக்கு எதுக்கு இது' என்று அவர் அதை அழுத்தினால் நீக்கப்படுவது நீங்கள். அதோடு, பழைய மௌனப் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. மென்பொருள் ஓட்டைகளை அறிவிக்கும் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றிலிருந்து ஒரு சர்வர் நிர்வாகியை யாராவது சத்தமில்லாமல் விலக்கிவிட்டால், அது வெறும் குறும்பு இல்லை, தாக்குதலின் முதல் படி.

இதற்காக எல்லாருக்கும் பூட்டுப் போடலாமா என்றால், கூடாது என்பதே என் கட்சி. 'நீங்கள் விலக்கப்பட்டீர்கள், நீங்கள் செய்யவில்லை என்றால் இங்கே அழுத்துங்கள்' என்று நடந்த பின் ஒரே ஒரு மடல் அனுப்பினால் மௌனம் உடைந்துவிடும். நிஜமாக விலகியவர் எதுவும் செய்ய வேண்டாம். ஏமாற்றப்பட்டவர் மட்டும் ஒரு தட்டு தட்ட வேண்டும். நடப்பதற்கு முன் கேட்கும் கேள்வியோ, மறதிக்காரர், அவசரக்காரர், ஸ்பாம் பெட்டியில் கன்ஃபர்மேஷன் மடல் விழுந்துவிட்டவர் எல்லாரையும் உள்ளேயே வைத்துவிடும். தவறாக நீக்கப்பட்டவர் திரும்பச் சேர ஒரு நிமிஷம். தவறாகப் பிடித்துவைக்கப்பட்டவர் விலக்கத்தான் மாதக்கணக்கு. பாதுகாப்பு அறிவிப்புப் பட்டியல் மாதிரி, ஒரு மடல் தவறினாலே பெரிய சேதம் என்கிற இடத்தில் முன்கூட்டியே கேட்கட்டும், அதுவும் பெர்ன்ஸ்டைன் பாணியில், பாஸ்வேர்ட் இல்லாமல். டோக்கன் எதுவும் இல்லாத வெறும் மடலில் யாரோ 'என்னை எடு' என்று எழுதினால் அங்கேயும் கேட்கலாம். அந்த அனுப்புநர் முகவரியை இன்னமும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

சேரும் கதவைப் பற்றி எனக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. 2016 ஆகஸ்டில் அமெரிக்க அரசு முகவரிகள் பலவற்றை, உறுதிப்படுத்தல் கேட்காத ஏராளமான செய்திமடல்களில் யாரோ சேர்த்துவிட, பெட்டிகள் மறுபடி மடல் வெள்ளத்தில் மூழ்கின. அதே வித்தை, 20 வருஷம் கழித்து. அப்போது ஸ்பாம்ஹாஸ் அமைப்பு, கேட்காமல் சேர்த்துக்கொண்ட அனுப்புநர்களைத் தடைப்பட்டியலில் போட்டது.

மெயில்மேன் மூன்றாம் பதிப்பில் விலகல் கொள்கை என்று ஓர் அமைப்பு இருக்கிறது: கேட்காமல் விடலாம், உறுதிப்படுத்தச் சொல்லலாம், நடத்துகிறவர் ஒப்புதலுக்கு நிறுத்தலாம், இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். ஒப்புதலுக்கு நிறுத்துவது என்றால் மறுபடி ஒரு ஆள் படித்துப் பார்ப்பார் என்று அர்த்தம், எஸ்எஃப்-லவர்ஸ்-ரிக்வெஸ்ட் மாதிரி. ஆனால் எல்லாரும் மூன்றுக்கு மாறிவிடவில்லை. பழைய இரண்டாம் பதிப்பு, அது எழுதப்பட்ட பைத்தான் 2 மொழிக்கே 2020இல் ஆதரவு முடிந்த பிறகும், பல சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட சர்வரில் நினைவூட்டலை யாரும் நிறுத்திவைக்காவிட்டால், ஒன்றாம் தேதி காலையில் பாஸ்வேர்ட் பச்சையாக வந்து விழுகிறது.